கல்லறைத் தேவாலயத்தின் மேல் சிமென்ட் பூசாதீர்கள்: திருப்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பணிக் குழுவினருக்கு,

உங்கள் ஆலயப் புதுப்பிப்புக்கான மதிப்பீட்டைப் படித்தோம். சுவரின் பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு 1:4 சிமென்ட் பூச்சு. தரையை இரண்டு அங்குலம் உயர்த்தி கிரானைட். குவிமாடத்தின் மேல் கம்பி வலை விரித்து 75 மி.மீ. கான்கிரீட். பீடத்துக்கு முன்னால் பதித்திருக்கும் நிறுவனரின் கல்லறைப் பலகையைப் பெயர்த்துப் பக்கச் சுவரில் நிறுத்துவது. நான்கும் ஒரே ஒப்பந்தத்தில் வருகின்றன. வேலை தொடங்கும் முன் நிறுத்துங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல். ஆலயத்தின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. இதே நான்கு வரிகளை வேறு ஆலயங்களின் மதிப்பீடுகளிலும் பார்க்கிறோம். அந்தக் குழுக்களும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் கல்லறை. பலகை நடுவழியை மறிக்கிறது என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். நடுவழியை வரைந்ததே அந்தப் பலகையை நோக்கித்தான்.

வழக்கமான பங்கு ஆலயம் நீளவாக்கில் இருக்கும்; கூட்டம் உட்கார இடம் வேண்டும் என்பதால். கல்லறையை மனத்தில் வைத்து எழுப்பிய ஆலயத்தின் வரைபடம் வேறு. நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள சிலுவையோ வட்டமோதான் அதன் அடிப்படை. நடுவில் குவிமாடம், வாசலில் தூண்வரிசையும் முக்கோண முகப்பும். பழைய ரோமின் வட்டக் கல்லறைகளிலிருந்தும் பாந்தியன் என்ற வட்டக் கோவிலிலிருந்தும் வந்த அமைப்பு இது. பாந்தியனில் தரையின் குறுக்களவும் குவிமாடத்து உச்சியில் திறந்திருக்கும் வட்டக் கண் வரையிலான உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். இத்தாலியின் பொசாஞோவில் சிற்பி கனோவா தன் ஊருக்கு ஆலயமாகவும் தனக்குக் கல்லறையாகவும் எழுப்பிய கட்டடத்தில் இந்த இலக்கணம் அப்படியே தெரியும். எட்டெட்டாக இரண்டு வரிசையில், டோரிக் என்ற எளிய கிரேக்கப் பாணியில் 16 தூண்கள். அவற்றுக்குப் பின் வட்டமண்டபம். அதற்கும் பின் பீடம். 1819 ஜூலை 11 அன்று முதல் கல் வைத்தார்கள். 1822-ல் கனோவா இறந்தார். அவருடைய ஒருதாய்த் தம்பி சார்த்தோரி 1830-ல் வேலையை முடித்தார். இருவரும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த வகை உண்டு. தில்லி காஷ்மீர் வாயிலில் இருக்கும் தூய யாக்கோபு ஆலயத்தைக் கட்டியவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர். 1800-ல் உனியாரா போர்க்களத்தில் காயப்பட்டுக் கிடந்தபோது பிழைத்தால் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1826-ல் தொடங்கிய வேலை முடிந்து 1836 நவம்பர் 21 அன்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் பிரதிஷ்டை செய்தார். சிலுவை வடிவம், மூன்று பக்கமும் தூண் வைத்த வாசல்கள், நடுவில் எண்கோணத்தின் மேல் குவிமாடம். 1841 டிசம்பரில் ஹான்சியில் இறந்த ஸ்கின்னரை முதலில் அங்கேதான் புதைத்தார்கள். அடுத்த மாதமே தில்லிக்குக் கொண்டுவந்து இந்தப் பீடத்தின் அருகில் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தார் கல்லறைகள் வெளியே வளாகத்தில் கம்பி வேலிக்குள் இருக்கின்றன. மீரட் அருகே சர்தானாவில், அதை ஆண்ட பேகம் சம்ரு கட்டிய ஆலயத்துக்கு வரைபடம் தந்தவர் அந்தோனியோ ரெகெல்லினி என்ற இத்தாலியர். 1836-ல் இறந்த பேகமும் அங்கேயே அடங்கியிருக்கிறார். அவருக்கான பளிங்கு நினைவுச்சின்னத்தை ரோமில் செதுக்கியவர் அதாமோ ததோலினி, அதே கனோவாவின் மாணவர். இந்தக் கட்டடங்களில் கல்லறையை எடுத்துவிட்டால் வாசலும் குவிமாடமும் பீடமும் எதை நோக்கி அடுக்கப்பட்டன என்பதே புரியாமல் போகும்.

பலகையைப் பெயர்ப்பதில் கைவேலைச் சிக்கலும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பளிங்குப் பலகைகள் பல, செங்கல்லால் கட்டிய குழியின் விளிம்பில் நான்கு பக்கமும் சுண்ணாம்புச் சாந்தில் உட்கார்ந்திருக்கின்றன. கடப்பாரையை ஒரு மூலையில் கொடுத்து நெம்பினால் எழுத்து வெட்டிய கோட்டின் வழியாகவே பலகை பிளக்கும்; எழுத்துப் பள்ளம்தான் அதன் மெலிந்த இடம். சுவரில் நிறுத்த இரும்புக் கொக்கி போடுவார்கள். ஓதமேறிய சுவரில் இரும்பு துருப்பிடித்து, இருந்ததைவிடப் பல மடங்கு பருத்து, பளிங்கின் மூலையைத் தெறிக்க வைக்கும். பலகையைத் தொட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் துருப்பிடிக்காத எஃகு மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவவும் கூடாது. பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல். ஆசிட் அதைக் கரைக்கும், மெருகு போய்விடும். சுத்தத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.

தரைக்கு வருவோம். கிரானைட் போட்டால் கழுவ எளிது என்பது சரிதான். ஆனால் 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ. கீழே 50 மி.மீ. சிமென்ட் படுகை சேர்த்தால் 150 கிலோவைத் தாண்டும். தரைக்கடியில் கல்லறைக் குழிகளும் நிலவறை வளைவுகளும் எங்கெங்கே ஓடுகின்றன என்ற வரைபடம் உங்கள் மதிப்பீட்டில் இல்லை. எடையைவிடப் பெரிய பிரச்சினை ஈரம். பழைய தரை, சுண்ணாம்புக் கான்கிரீட்டின் மேல் பதித்த கல். நிலத்தடி ஈரம் இணைப்புகளின் வழியே மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அதன் மேல் நீர் புகாத மூடி போட்டால் ஈரம் போக்கிடம் தேடிச் சுவருக்குள் ஏறும். ஓரடி உயரத்தில் நின்ற ஓதம் நாலடிக்கு வரும். அடிவாரத்தில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுத்துளைகளை எலி வருகிறது என்று அடைத்திருந்தால் அவற்றைத் திறந்து வலை போடுங்கள். நிலவறை மூச்சுவிடும் வழி அதுதான்.

இரண்டு அங்குல உயர்வு சிறிய விஷயமாகத் தெரியலாம். தூணின் அடிக்குறுக்களவு 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வியல் கணக்கில் தூணின் பீடம் அதில் பாதி, அதாவது 30 செ.மீ.; அந்தப் பீடத்தின் கீழ்ச்சதுரம் மூன்றில் ஒரு பங்கு, 10 செ.மீ. நீங்கள் உயர்த்தும் 5 செ.மீ. அந்தச் சதுரத்தில் பாதியை விழுங்கிவிடும். அதன்பின் எத்தனை வர்ணம் அடித்தாலும் தூண் மண்ணில் புதைந்தது போலவே தெரியும்.

இனி சுவர். இதைப் பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறோம். சிமென்ட் பூசிய சுண்ணாம்புச் சுவர்களைச் சாரம் ஏறித் திறந்து பார்ப்பது எங்கள் தொழில்.

இந்தச் சுவர்கள் இரண்டரை, மூன்றடி கனமுள்ள செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அடியில் ஓதத் தடுப்பு அடுக்கு கிடையாது. நிலத்திலிருந்து நீர் ஏறும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். ஏறிய நீர் பூச்சின் வழியாக ஆவியாகிப் போக வேண்டும், கொண்டுவந்த உப்பைப் பூச்சிலேயே விட்டுவிட வேண்டும். செங்கல் பிழைக்க வேண்டும், பூச்சு பொரிந்து உதிர வேண்டும். அப்படி உதிர்ந்த பூச்சைத்தான் நீங்கள் "தரம் கெட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

சிமென்ட் பூச்சு அடர்த்தியானது. முதல் இரண்டு மழைக்காலம் சுவர் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஏறிய நீர் வெளியேற முடியாமல் சிமென்ட் முடியும் உயரத்துக்கு மேலே போய் அங்கே பூக்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே தள்ளும். பிறகு தட்டினால் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். உரித்துப் பார்த்தால் சிமென்ட் கெட்டித் தகடாக வரும். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு அங்குலச் செங்கல்லும் மாவாகக் கொட்டும். பூச்சுக்கு மாற்று உண்டு. கரைந்துபோன செங்கல்லுக்கு என்ன செய்வது? சுவரின் மேல் பூசும் பிளாஸ்டிக் கலந்த வெளிப்புற எமல்ஷன் வர்ணமும் இதே கேட்டைச் சற்று மெதுவாகச் செய்கிறது.

சரியான வழி ஒன்றும் புதிதல்ல. முதலில் சுவர் முழுவதையும் மரக்கட்டையால் தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் வரும் இடங்களை மட்டும் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். அவற்றை மட்டும் உளியால் எடுக்க வேண்டும். மின்சார பிரேக்கர் வேண்டாம். அதன் அதிர்ச்சி பக்கத்திலிருக்கும் நல்ல பூச்சையும் விடுவிக்கும். செங்கல் இணைப்புகளை 15 முதல் 20 மி.மீ. ஆழம் சுரண்டித் துடைத்து, முதல் நாள் மாலையே சுவரை நனைத்து வைக்க வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, சல்லடையில் வடித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்கள். நீறாத கட்டி ஒன்று தப்பிப் பூச்சுக்குள் போனாலும் அங்கே போய் நீறி, பருத்து, பொரிக் குழி விழும். பை பையாக வரும் தூள் சுண்ணாம்பை வாங்கினால் கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 712-ல் எந்த வகுப்பு என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளையடிக்கும் 'சி' வகுப்புச் சுண்ணாம்பைச் சுர்க்கி என்ற செங்கல் பொடி சேர்க்காமல் ஈரச் சுவரில் வைத்தால் இறுகாது. ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு நன்றாக வெந்த செங்கல்லின் பொடி, ஒன்றரை முதல் இரண்டு பங்கு கழுவிய மணல் என்பது நாங்கள் ஓதச் சுவருக்கு வைக்கும் அளவு. கடல் மணல் வேண்டவே வேண்டாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் கலவையை வழுவழுப்பாக்கும், கரணைக்கு இணங்க வைக்கும். ஆனால் வெல்லம் மிஞ்சினால் இறுகுவது தள்ளிப்போகும். கடுக்காய் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்பி அரைப்பிலும் ஊறலிலும் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

முதல் பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் விட்டு இரண்டாவது பூச்சு; கடைசியில் இரண்டு, மூன்று மி.மீ. மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு நேர் வெயிலிலிருந்து காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. ஈரம் சட்டென்று காய்ந்தால் அந்த வேலை நின்றுபோய்ப் பூச்சு மாவாக உதிரும். அதன்பின் பால்போல் நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை, நான்கைந்து கை. கட்டியாக ஒரே கையில் அடித்தால் செதிலாக உரியும். நாள் கூடும் என்பது உண்மை. சிமென்ட்டை ஒப்பந்தக்காரர் விரும்புவதற்கு அதுதான் காரணம்; கட்டடத்துக்கு நல்லது என்பதால் அல்ல.

குவிமாடத்தைப் பற்றிய வரிதான் எங்களைத் தூங்கவிடாதது. ஒழுகுகிறது, ஆகவே கான்கிரீட் என்று எழுதியிருக்கிறீர்கள். குவிமாடத்தின் வளைந்த மேற்பகுதி ஒழுகுவது அரிது. அதன் அடிவாரம் தட்டைத் தளத்தோடு சேரும் வளையத்தில்தான் நீர் இறங்கும்: தூம்பு அடைத்திருக்கும், காக்கை போட்ட விதையில் அரசங்கன்று வேர்விட்டிருக்கும், சேருமிடத்தின் சாய்வுப் பூச்சு பிளந்திருக்கும். மழையின்போது ஒருவரை மேலே அனுப்பி நீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தீர்களா? அதைப் பற்றி மதிப்பீட்டில் ஒரு சொல்லும் இல்லை.

கான்கிரீட்டின் எடையைக் கணக்கிடுவோம். 75 மி.மீ. கனம் என்றால் சதுர மீட்டருக்கு 180 கிலோ. 10 மீட்டர் குறுக்களவுள்ள அரைக்கோளத்தின் மேற்பரப்பு 157 சதுர மீட்டர். ஆக 28 டன்னை, இதுவரை அது சுமக்காத எடையை, குவிமாடத்தின் தலையில் ஏற்றுகிறீர்கள். அரைக்கோளக் குவிமாடத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே உள்ள பகுதி வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால்தான் பழைய குவிமாடங்களில் அடியிலிருந்து மேல்நோக்கி ஆரஞ்சுச் சுளைபோல் வெடிப்புகள் தெரிகின்றன. பல வெடிப்புகள் கட்டிய சில ஆண்டுகளிலேயே விழுந்து அப்படியே நின்றவை, அவற்றால் ஆபத்தில்லை. எது நின்றது, எது நகர்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பாருங்கள். சில்லு உடைந்தால் வெடிப்பு நகர்கிறது. அப்போது அடிவளையத்தில் எஃகுப் பட்டை கட்டலாமா என்று கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்யட்டும். கான்கிரீட் அந்த நோய்க்கு மருந்தே அல்ல. வெயிலில் அது விரியும் அளவு வேறு, கீழே உள்ள செங்கல் விரியும் அளவு வேறு. இடையில் விழும் மயிரிழை வெடிப்பில் நீர் புகும், வெளியேறாது, வலை துருப்பிடிக்கும். கழற்றலாம் என்றால் செங்கல்லையும் சேர்த்துத்தான் கழற்ற முடியும்.

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும்; வேர் அறுந்து உள்ளே நின்று மறுபடி தழைக்கும். தண்டை அறுத்து, வெட்டு முகத்தில் துளையிட்டு உடனே வேர்க்கொல்லி ஊற்றி, பட்டு உலர்ந்த பிறகு எடுத்து, வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்ப வேண்டும்.

கார்னிஸ் என்ற, சுவரின் உச்சியில் வெளியே நீளும் விளிம்பு, தூண்தலை, முகப்பு முக்கோணத்தின் விளிம்புகள் எல்லாவற்றையும் "தேவைக்கேற்பச் சீரமைத்தல்" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கார்னிஸ் அலங்காரம் மட்டும் அல்ல, சுவருக்குக் குடை. அதன் அடிப்புறத்தில் ஓடும் சின்னப் பள்ளக்கோட்டில்தான் மழைநீர் சுவரைத் தொடாமல் சொட்டி விழுகிறது. புதுப் பூச்சில் அந்தக் கோடு நிரம்பிவிட்டால் நீர் சுவர்வழியே இறங்கும். எதையும் கொத்தும் முன் ஒவ்வொரு விளிம்புக்கும் முழு அளவில் தகரத்தில் அச்சு வெட்டி வைக்க வேண்டும். அச்சை மரச்சட்டத்தில் பொருத்தி இழுத்துத்தான் நீளமான விளிம்பை நேராக எடுக்க முடியும். தூணும் நேர் உருளை அல்ல. மேலே போகப் போக நுட்பமாகச் சிறுக்கும். மட்டப்பலகை வைத்து நேராக்கும் கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையில் அச்சு கொடுக்காதது நம் தவறு.

நாங்கள் கேட்பவை இவை. இந்த ஒப்பந்தத்தை இப்போதே நிறுத்திவையுங்கள். கல்லறைப் பலகை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்; நடப்பவர் கால் படக்கூடாது என்றால் சுற்றிலும் தாழ்வான, தரையில் துளையிடாத தடுப்பு வையுங்கள். நிறுவனர் வழியினர் எவரேனும் இருந்தால் அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எந்தக் கல்லறையையும் தொடாதீர்கள். தரைக்கடியில் உள்ள குழிகளுக்கும் சுவரின் ஓத உயரத்துக்கும் குவிமாட வெடிப்புகளுக்கும் வரைபடம் தயாரித்து ஓராண்டு கண்காணியுங்கள். சுண்ணாம்பு வேலைக்குத் தனி ஒப்பந்தப்புள்ளி கோருங்கள். அதில் கலவையின் அளவு, ஊறும் நாள், பூச்சுகளுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வடக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று என ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சு இரண்டு போட்டு, ஒரு மழைக்காலம் கடந்த பிறகே முழுச் சுவருக்கும் அனுமதி கொடுங்கள்.

காத்திருக்கக் கூடாத வேலைகளும் உண்டு. தூம்புகளைத் துப்புரவாக்குவது, கன்றுகளை மேலே சொன்னபடி அகற்றுவது, சுவரையொட்டிப் போட்ட சிமென்ட் தளத்தை எடுத்துவிட்டு ஐம்பதுக்கு ஒன்று என்ற சாய்வில் நீரை வெளியே ஓடவிடுவது, இடிதாங்கியின் செம்புப் பட்டை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது. இவற்றை அடுத்த மழைக்கு முன் முடியுங்கள். பெருஞ்செலவு ஆகாது.

மதிப்பீட்டின் நகலையும் இந்த மடலுக்கான உங்கள் பதிலையும் சாரம் கட்டும் முன் ஆலய அறிவிப்புப் பலகையில் சபையார் அனைவரும் படிக்க ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்யும் கொத்தனார்கள், பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள்